பழைய புல்லட்டின் அமால் மோனோபிளாக்: எந்த ஜெட், எந்த நீடில் வாங்குவது?

திருச்சி350

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவிடமிருந்து கைக்கு வந்த 1964 மதராஸ் புல்லட் 350 ஒன்று இருக்கிறது. அதில் அமால் கம்பெனியின் மோனோபிளாக் வகைக் கார்புரேட்டர். ஸ்லோவில் ஓரளவு நிற்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி திருகியதும் திணறல், கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது. முழுசாகத் திறந்துவிட்டால் பரவாயில்லாமல் இழுக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு பெட்ரோல் டேப்பை மூட மறந்தால் காலையில் தரையில் ஈரம்.

முன்பு பார்த்த மெக்கானிக் "ஃபுல் கிட்" ஒன்றைப் போட்டிருக்கிறார். பாக்கெட் இன்னும் இருக்கிறது. அதில் "புல்லட் 350 பழைய மாடல்" என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை, உள்ளே இருந்த ஜெட்டுகளிலும் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள பித்தளைச் சாமான்) எண் இல்லை. கழற்றிய பழைய சாமான்களில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

இப்போது சரியான சாமான் வாங்க வேண்டும். கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

ஸ்பேனர்சாமி (சென்னை)

தம்பி, வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் வரும். ஜி.பி. ரோட்டிலும் சரி, புதுப்பேட்டையிலும் சரி, டெல்லி கரோல்பாக்கிலும் சரி, இதுதான் நிலைமை. அறுபது வருடத்தில் அந்த வண்டியில் எத்தனை கார்புரேட்டர் மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முதலில் உங்களிடம் இருப்பது எந்த கார்புரேட்டர் என்று அதனிடமே கேளுங்கள். பாடியில் குத்தியிருப்பார்கள்.

ஒரு எண், ஒரு சாய்கோடு, இன்னொரு எண். முதல் எண் வகை. மோனோபிளாக்கில் மூன்றே வகை: 375, 376, 389. 375 சின்னது, துளை (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியின் அகலம்) 7/8 அங்குலம் வரை. 376 நடுத்தரம், 15/16 முதல் 1 1/16 அங்குலம் வரை. அதற்கு மேல் 1 1/8, 1 3/16 என்றால் 389. சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்தான் முக்கியம். எந்த வண்டிக்காக அந்த கார்புரேட்டரை எந்த ஜெட், எந்த ஸ்லைடு (ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் சாமான்) போட்டுத் தொழிற்சாலையில் கட்டினார்கள் என்பதன் அடையாளம் அது. அமால் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக எல்லாம் இருக்கும்.

குத்திய எண் தேய்ந்திருந்தால் கம்பி பிரஷ் போடாதீர்கள், கொஞ்சம் மிச்சம் இருப்பதும் போய்விடும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பள்ளத்தில் சுண்ணாம்பு தங்கி எண் தெரியும்.

திருச்சி350

சாக்பீஸ் வேலை செய்தது, நன்றி அண்ணா. 376 சுத்தமாகத் தெரிகிறது. சாய்கோடும் தெரிகிறது. அதற்குப் பிறகு யாரோ அரம் போட்டிருக்கிறார்கள், ஒன்றும் படிக்க முடியவில்லை. வெர்னியரில் துளை 23.8 மில்லிமீட்டர் வருகிறது.

லேத்துப்பட்டறை (கோவை)

23.8 என்றால் 15/16 அங்குலம். 376 வகையிலேயே சிறிய துளை. சரியாகத்தான் இருக்கிறது.

எண் போனால் போகட்டும். உள்ளே இருக்கும் சாமான்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனி எண் உண்டு, அசலாக இருந்தால். ஒவ்வொன்றாகக் கழற்றி எழுதுங்கள்.

ஸ்லைடு: மேல்பக்கமோ உள்பக்கமோ 376/3½ என்கிற மாதிரி இருக்கும். பின்னால் உள்ள எண், ஸ்லைடின் கீழ் விளிம்பில் காற்று வரும் பக்கம் வெட்டியிருக்கும் சரிவின் உயரம். 1/16 அங்குலக் கணக்கு. 3½ என்றால் சுமார் 5.6 மில்லிமீட்டர். எண் கூடினால் வெட்டு பெரிது, காற்று அதிகம், கலவை மெலியும்.

நீடில் (ஸ்லைடில் தொங்கும் கூம்பு ஊசி): 376க்கு ‘சி’ என்று குத்திய நீடில். 375க்கு ‘பி’, 389க்கு ‘டி’. மோனோபிளாக் நீடிலில் கிளிப் மாட்ட ஐந்து பள்ளம் இருக்க வேண்டும். எண்ணுங்கள்.

நீடில் ஜெட் (நீடில் இறங்கும் ஜெட்): 1055, 106, 1065 இவற்றில் ஒன்று. அங்குலத்தில் 0.1055, 0.106, 0.1065.

மெயின் ஜெட் (முழுசாகத் திறக்கும்போது வேலை செய்வது): அதிலுள்ள எண், நிமிடத்துக்கு எத்தனை சிசி பெட்ரோல் ஓடும் என்ற கணக்கு. துளையின் அளவு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பைலட் ஜெட் (ஸ்லோவுக்கானது): அடியில் தனி மூடி நட்டுக்குள் இருக்கும். 20, 25, 30 என்று வரும். 376இல் பெரும்பாலும் 25 அல்லது 30.

படம் எடுத்துப் போடுங்கள், அதற்குள் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

ராஜபாட்டை

இவ்வளவு சிரமம் எதற்கு? மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டலாமே. பின்னால் வந்த புல்லட் 350 எல்லாம் அதில்தானே ஓடியது. ஜெட் எங்கும் கிடைக்கும். அமாலைத் துடைத்து அலமாரியில் வையுங்கள்.

ஸ்பேனர்சாமி (சென்னை)

ராஜபாட்டை சொல்வதில் தப்பில்லை, தினமும் வேலைக்கு ஓட்டுகிற வண்டி என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லையே. அதோடு, விஎம்24 போட்டாலும் இதே கேள்வி அங்கேயும் வரும். மேனிஃபோல்டு, கேபிள், ஏர் ஃபில்டர் குழாய் மூன்றையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். அதற்குள் இருக்கும் ஜெட் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். சந்தையில் விஎம்24 என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல.

ஆர்எக்ஸ்_பிரியன் (மதுரை)

குறுக்கே வருகிறேன். மிக்குனி வகையில் (மிக்கார்ப்பும் அந்த வகைதான்) கை வைக்கிறவர்களுக்காக இதையும் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் எண்களின் கணக்கு முற்றிலும் வேறு.

நீடில் ஜெட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஓ-0 என்றால் 2.600 மில்லிமீட்டர். எண் ஒன்று கூடினால் 0.005 கூடும், எழுத்து ஒன்று தாண்டினால் 0.05 கூடும். ஆக ஓ-8 என்பது 2.640, பி-0 என்பது 2.650. நீடிலில் 5டிபி7 மாதிரி குத்தியிருக்கும். 5 என்பது நீளம், 50க்கும் 60க்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர். அடுத்த இரண்டு எழுத்தும் மேல்பாதி, கீழ்பாதி சரிவுகள். ‘ஏ’ என்றால் கால் டிகிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் கால் டிகிரி கூடும். கடைசி எண் அந்த வரிசையில் எத்தனையாவது வடிவம் என்பது. அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது, பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

ஸ்லைடு வெட்டு அங்கே மில்லிமீட்டரில் இருக்கும். 2.5 என்றால் 2.5 மில்லிமீட்டர். அமால் 2½ ஸ்லைடும் மிக்குனி 2.5 ஸ்லைடும் ஒன்று என்று நினைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

திரெட்டும் சேராது. அமால் பிரிட்டிஷ் அளவு, மிக்குனி மெட்ரிக். முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் பித்தளை தன் வழியை வெட்டிக்கொண்டு போகும்.

திருச்சி350

எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். எழுதியது இது:

ஸ்லைடு, 376/3½. அசல்தான் போல, பக்கங்களில் பளபளவென்று தேய்ந்த கோடு. கையால் ஆட்டினால் டக் டக் என்கிறது.

நீடில், எழுத்து எதுவும் இல்லை. பள்ளம் மூன்றுதான்!

நீடில் ஜெட், எண் இல்லை, கிட்டில் வந்த புதுசு.

மெயின் ஜெட், எண் இல்லை, அதுவும் கிட்.

பைலட் ஜெட், 25. இது பழசு, எண் தெளிவாக இருக்கிறது.

ஃப்ளோட் (மிதவை) நைலான், பிளவு இல்லை. ஃப்ளோட் நீடில் (மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) முனையில் வளையம் மாதிரி ஒரு தடம் விழுந்திருக்கிறது.

லேத்துப்பட்டறை (கோவை)

மூன்று பள்ளம் என்றதும் விஷயம் பிடிபட்டது. அது கான்சென்ட்ரிக் நீடில். 1967 வாக்கில் அமால் மோனோபிளாக்கை விட்டுவிட்டு கான்சென்ட்ரிக்குக்கு மாறியது. 600, 900 என்று இரண்டு வரிசை. 626, 930, 932 என்றால் கடைசி இரண்டு எண் துளையின் மில்லிமீட்டர். அதன் நீடிலுக்கு மூன்று பள்ளம். கிட் கட்டியவருக்கு இரண்டும் "அமால் நீடில்" தான்.

அது உங்கள் ஸ்லைடில் மாட்டிக்கொள்ளும், ஜெட்டுக்குள்ளும் இறங்கும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் ஸ்லைடு எவ்வளவு உயர்ந்தால் ஜெட்டில் எவ்வளவு இடைவெளி திறக்கும் என்ற கணக்கு முழுக்க வேறு. கால் திறப்பிலிருந்து முக்கால் வரை வண்டியை ஓட்டுவதே நீடிலும் நீடில் ஜெட்டும்தான். உங்கள் புகை வருவதும் அங்கேதான்.

அடுத்தது நீடில் ஜெட். எண் இல்லாததை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். வெர்னியரின் உள்வாய் இதற்கு உதவாது. எங்கள் ஊரில் பல பட்டறைகளில் 0.01 மில்லிமீட்டர் படியாகப் பின் கேஜ் (துளையில் விட்டுப் பார்க்கும் அளவுக் கம்பிகள்) பெட்டி இருக்கும், திருச்சியிலும் கிடைக்காமல் போகாது. கணக்கு இப்படி: 1055 ஜெட் 2.680 மில்லிமீட்டர், 106 ஜெட் 2.692, 1065 ஜெட் 2.705. ஆக 1065 ஜெட்டில் 2.70 பின் இறங்க வேண்டும், 2.71 இறங்கக் கூடாது. 106 ஜெட்டில் 2.69 இறங்கும், 2.70 இறங்காது. பின்னை அழுத்தாதீர்கள், தன் எடையில் இறங்கட்டும்.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். பெட்ரோல் போவது முழுத் துளை வழியாக அல்ல, துளைக்கும் நீடிலுக்கும் நடுவில் உள்ள வளையம் வழியாக. நீடிலின் தடித்த பகுதி 2.50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.705 ஜெட்டில் அந்த வளையத்தின் பரப்பு 0.84 சதுர மில்லிமீட்டர். ஜெட் தேய்ந்து 2.730 ஆனால் பரப்பு 0.945. தேய்ந்தது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெட்ரோல் வழி கூடியது கிட்டத்தட்ட 13 சதவீதம். கிளிப்பை எவ்வளவு மேலே ஏற்றினாலும் அது சரியாகாது.

திருச்சி350

பக்கத்து டூல் ரூமில் கேட்டு அளந்துவிட்டேன் சார். 2.70 இறங்கியது, 2.71 இறங்கியது, 2.74 கூட இறங்கியது. 2.75 தான் நின்றது. புது ஜெட்!

லேத்துப்பட்டறை (கோவை)

அது ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டுச் செய்தது இல்லை, 2.75 டிரில்லால் துளை போட்டு முடித்த வேலை. குப்பையில் போடுங்கள்.

பெட்ரோல்வாசம் (சேலம்)

நல்ல விவாதம், தொடர்ந்து படிக்கிறேன். ஒரு சந்தேகம். எண் இல்லாத மெயின் ஜெட்டின் அளவை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

ஸ்பேனர்சாமி (சென்னை)

உண்டு, எண் தெரிந்த ஒரு நல்ல அசல் ஜெட் கையில் இருந்தால். புனல் அடியில் ஜெட்டை ரப்பர் குழாயில் செருகுங்கள். மேலே ஒரே அளவு உயரத்தில் பெட்ரோல் நிற்கும்படி ஊற்றிக்கொண்டே இருந்து, கீழே அளவுக் குவளையில் குறிப்பிட்ட அளவு நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 180 ஜெட் 60 வினாடி எடுத்து, எண் இல்லாதது 52 வினாடி எடுத்தால், 180ஐ 60ஆல் பெருக்கி 52ஆல் வகுங்கள். 208 வருகிறது. அந்த அளவில் ஜெட்டுகள் பத்துப் பத்தாக வருவதால் அது 210 என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

இதுவும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். யாரோ துளையைப் பெரிதாக்கியிருந்தால் உள்ளே ஓரம் சிதைந்திருக்கும், ஓட்டம் தாறுமாறாக வரும். ஜெட் அடைத்தால் கம்பி விட்டுக் குத்துகிற பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. பித்தளையைவிட இரும்புக் கம்பி கடினம், ஒவ்வொரு குத்துக்கும் எண் மாறும். காற்றடித்துப் பாருங்கள், போகாவிட்டால் நைலான் இழை போடுங்கள்.

மொறிஸ்_யாழ் (யாழ்ப்பாணம்)

அண்ணைமாருக்கு வணக்கம். நான் மோட்டார் சைக்கிள் ஆள் இல்லை, எங்கட வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் 1000 நிற்கிறது. எஸ்யு கார்புரேட்டர். அதற்கும் இதே மாதிரி எண் பார்க்கும் முறை இருக்கிறதா? கராஜில் கேட்டால் "மைனர் கிட்" என்று ஒன்றைத் தருகிறார்கள். இரண்டு வகை மைனர் எஞ்சின் இருக்கிறதே!

ஸ்பேனர்சாமி (சென்னை)

இருக்கிறது தம்பி. எஸ்யுவில் ஃப்ளோட் கிண்ணத்து மூடி ஸ்க்ரூவுக்குக் கீழே ஒரு சின்னத் தகடு மாட்டியிருப்பார்கள், அதில் ஏயுசி அல்லது ஏயுடி என்று தொடங்கும் எண். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள்.

தகடு இல்லாவிட்டால் முதலில் வகையைப் பாருங்கள். 948 சிசி மைனரில் எச்2, 1098 சிசியில் எச்எஸ்2. எச்எஸ் வகையில் ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து ஜெட்டின் அடிக்கு ஒரு நைலான் குழாய் தனியாக ஓடும், வெளியிலிருந்தே தெரியும். எச் வகையில் அது இருக்காது, ஜெட்டைச் சுற்றிக் கார்க் வளையம் போட்டுக் கசிவை அடைத்திருப்பார்கள். ஒன்றின் ஜெட் மற்றதுக்கு ஆகாது. இரண்டும் 1¼ அங்குலத் துளை, ஜெட் 0.090 அங்குலம்.

நீடிலைப் பிஸ்டனின் பக்கத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி இழுத்தால், பிஸ்டனுக்குள் மறைந்திருந்த தண்டில் எழுத்து தெரியும். அழிந்திருந்தால் தோள்பட்டையிலிருந்து ஒவ்வொரு 1/8 அங்குலத்திலும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி, நீடில் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் தப்பு வராது. பிஸ்டன் மேலே உள்ள ஸ்பிரிங்கின் நுனியில் வண்ணம் பூசியிருக்கும். நீலம் 2½ அவுன்ஸ், சிவப்பு 4½, மஞ்சள் 8, பச்சை 12. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி "சரிசெய்கிற" வேலை வேண்டாம்.

மொறிஸ்_யாழ் (யாழ்ப்பாணம்)

மெத்தப் பெரிய உதவி அண்ணை. எங்கடது நைலான் குழாய் உள்ளதுதான். தகடு இல்லை. நீடிலைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன், இதைக் குழப்பவில்லை.

திருச்சி350

திரும்ப என் விஷயத்துக்கு. வாங்க வேண்டிய பட்டியல் இப்படிச் சரியா? ‘சி’ நீடில், நீடில் ஜெட், மெயின் ஜெட், ஃப்ளோட் நீடில், வாஷர்கள். ஸ்லைடும் மாற்ற வேண்டுமா? நீடில் ஜெட் 106ஆ 1065ஆ?

லேத்துப்பட்டறை (கோவை)

ஜெட் எண்ணுக்கு உங்கள் வருட மாடலின் பழைய கையேட்டில் கார்புரேட்டர் அட்டவணையைத் தேடுங்கள், அல்லது அமால் பட்டியலில் புல்லட் 350, 15/16 துளை என்று இருக்கும் வரியைப் பிடியுங்கள். இப்போது அமால் சாமான்களைச் செய்வது இங்கிலாந்தில் பர்லன் நிறுவனம், எஸ்யுவும் அவர்களிடம்தான். அங்கிருந்து வரும் ஜெட்டில் எண் தெளிவாக இருக்கும். விலை உறைக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் அங்கிருந்து வாங்க வேண்டியதில்லை; நீடில், நீடில் ஜெட், மெயின் ஜெட் மூன்றும் மட்டும் அசலாக இருக்கட்டும். வாஷர் எல்லாம் இங்கேயே வெட்டிக்கொள்ளலாம்.

பைலட் 25 பழைய அசல். அதை மாற்றாதீர்கள். பழசானதாலேயே கெட்டுப்போகிற சாமான் இல்லை அது, அதன் வழியாகப் பெட்ரோலைத் தவிர எதுவும் உரசுவதில்லை. மெயின் ஜெட்டும் அப்படித்தான். தேய்வது அசைகிற சாமான்கள்: ஸ்லைடு, நீடில், நீடில் ஜெட், ஃப்ளோட் நீடில். கிட் போடும்போது தேயாததையும் சேர்த்துக் கழற்றி எறிந்ததுதான் உங்கள் வண்டிக்கு நடந்த கொடுமை.

ஸ்லைடு டக் டக் என்றால் காற்று ஓரமாக உள்ளே போகும். ஸ்லோவில் நிலையாக நிற்காது, ஏர் ஸ்க்ரூவை (ஸ்லோ கலவைக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ) திருகினாலும் பெரிதாக மாற்றம் தெரியாது. ஆனால் புது ஸ்லைடு வாங்குவதற்கு முன் பாடியைப் பாருங்கள். தேய்வது இரண்டும்தான். இரண்டுமே துத்தநாகக் கலவை. பாடி முட்டை வடிவமாகியிருந்தால் புது ஸ்லைடு போட்டும் பாதிதான் பயன். இப்போதைக்கு விடுங்கள், மற்றதை முடித்துவிட்டு யோசிக்கலாம்.

ஸ்பேனர்சாமி (சென்னை)

கோவைக்காரர் சொன்னதோடு, பாக்கெட்டில் வராத, யாரும் கேட்டு வாங்காத சில சாமான்கள்:

ஜெட் பிளாக்குக்கு (பாடிக்குள் ஜெட்டுகளுக்கு மேல் உட்காரும் தனித் துண்டு) அடியில் ஒரு ஃபைபர் வாஷர். இது இல்லாமல் கட்டிய மோனோபிளாக் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாடியையும் ஜெட் பிளாக்கையும் அடைப்பது அதுதான். இல்லாவிட்டால் பைலட் காற்று கண்ட இடத்தில் போகும்.

ஃபிளாஞ்சில் (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் தட்டையான முகம்) ஒரு ஓரிங். அதை மாற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். நட்டை முறுக்கி முறுக்கி வளைத்திருப்பார்கள், நடுவில் வெளிச்சம் தெரியும். வளைந்ததைத் தேய்த்துச் சமன் செய்யலாம், ஓரிங் பள்ளம் ஆழம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இழுத்து முறுக்காதீர்கள்.

ஃப்ளோட் மாட்டும் பின்னில் ஒரு சின்ன புஷ். அது இல்லாவிட்டால் ஃப்ளோட் ஒரு பக்கம் நகர்ந்து சுவரில் உரசி நிற்கும். கீலில் ஒரு கால் அகலம், ஒரு கால் ஒடுக்கம். ஒடுக்கமான கால் மேலே வர வேண்டும், ஃப்ளோட் நீடிலைத் தள்ளுவது அதுதான். உங்கள் தரை ஈரத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம், பாருங்கள்.

ஸ்க்ரூ போனால் பக்கத்து ஹார்டுவேர் கடை மெட்ரிக் ஸ்க்ரூவைத் திணிக்காதீர்கள். இதில் இருப்பது பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் திரெட். 4 பிஏ 3.6 மில்லிமீட்டர், எம்4 அதைவிடப் பருமன். 2 பிஏ 4.7 மில்லிமீட்டர், எம்5ஐ முறுக்கினால் ஏறும், பாடிதான் விரியும்.

கனவுக்குதிரை

கழுவுவதற்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்? ஒருவர் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார்.

லேத்துப்பட்டறை (கோவை)

பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. மோனோபிளாக் பாடியில் இருப்பது துத்தநாகம், எந்தப் புளிப்பும் அதை அரிக்கும். வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். அல்ட்ராசோனிக் தொட்டியில் மிதமான சோப்புத் தண்ணீர் போதும். அதற்குப் பிறகு காற்றடித்து உலர்த்தி, பைலட்டின் இரண்டு துளைகளிலும் காற்று தடையில்லாமல் வருகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று ஸ்லைடுக்கு எஞ்சின் பக்கத்தில், இன்னொன்று ஸ்லைடுக்கு நேர் கீழே. இரண்டாவதுதான் எப்போதும் அடைத்திருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

திருச்சி350

சாமான் வந்து சேர்ந்து, கட்டி ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஃப்ளோட் தலைகீழாகத்தான் மாட்டியிருந்தது, புஷ்ஷும் இல்லை. ஜெட் பிளாக் வாஷர் இருந்தது, ஆனால் பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. நீடில் ஜெட் 1065 என்று குத்தியது வந்தது. போடுவதற்கு முன் அதையும் பின் கேஜில் பார்த்தேன், 2.70 இறங்கி 2.71 நின்றது. ‘சி’ நீடில் ஐந்து பள்ளம், கிளிப் மேலிருந்து மூன்றாவதில்.

கறுப்புப் புகை போய்விட்டது. ஐம்பதில் சீராகப் போகும்போது எஞ்சினை நிறுத்தி பிளக்கைப் பார்த்தால் மண் நிறம். சொட்டும் நின்றுவிட்டது. ஸ்லோ மட்டும் சூடானதும் ஏறி இறங்குகிறது, அது ஸ்லைடு தேய்மானம்தான் போல.

ஒரு கேள்வி பாக்கி. மூன்றாவது பள்ளத்தில் ஏற்றத்தில் கொஞ்சம் திணறுவது போல இருக்கிறது. கிளிப்பை மேலே ஏற்றவா, கீழே இறக்கவா? ஏர் ஸ்க்ரூ விஷயத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஆர்எக்ஸ்_பிரியன் (மதுரை)

கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். மேலே மாற்றினால் குறையும். ஏற்றத்தில் வெற்று இருமல் மாதிரி இருந்தால் நான்காவதில் வைத்துப் பாருங்கள், புகையோடு திணறினால் இரண்டாவது.

ஸ்க்ரூ குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், மோனோபிளாக்கிலும் விஎம் வகையிலும் இருப்பது ஏர் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை தடிக்கும். பின்னால் வந்த சில கார்புரேட்டர்களில் எஞ்சின் பக்கம் இருப்பது பெட்ரோல் கலவை ஸ்க்ரூ, அங்கே வெளியே திருகினால்தான் தடிக்கும். இரண்டு பேரும் அவரவர் வண்டியில் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஸ்பேனர்சாமி (சென்னை)

ஸ்லைடை அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். ஸ்டாப் ஸ்க்ரூவை (ஸ்லைடு முழுதும் இறங்காமல் தாங்கும் ஸ்க்ரூ) கால் சுற்று ஏற்றி வைத்தால் சூட்டிலும் அணையாமல் நிற்கும். பாடியை போர் செய்து ஸ்லீவ் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது முடிவானால் ஸ்லைடையும் அவரிடமே கொடுத்து ஒன்றாகப் பொருத்தச் சொல்லுங்கள், தனியாக வாங்கிப் போடுவது வீண்.

இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். வண்டி சில வாரம் நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், பிறகு மெயின் ஜெட் மூடி நட்டைக் கழற்றி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். ஃப்ளோட் நீடில் அடுத்த முறை வாங்கும்போது முனையில் விட்டான் ரப்பர் வைத்தது கிடைக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண ரப்பர் இந்தப் பெட்ரோலில் உப்பிவிடும்.

திருச்சி350

நான்காவது பள்ளத்தில் வைத்தேன், ஏற்றம் சரியாகிவிட்டது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பிளக் படம் போடுகிறேன். அந்த மூன்று பள்ள நீடில் என்னிடம் சும்மா கிடக்கிறது, கான்சென்ட்ரிக் வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள். கூரியர் செலவு என்னுடையது.

பெட்ரோல்வாசம் (சேலம்)

எண் குத்தாத நீடிலா? முதலில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து அனுப்புங்கள் சார், பிறகு யோசிக்கலாம்.